ஒரு கை விதை

களத்தில் செங்காந்தள் காய்களை உடைத்து விதை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் சரசாள் மூன்றாம் நாள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராகக் களத்துக்குத் திரும்பிய, அவர்களில் ஒருத்தியான பாவாத்தாள், தோட்டத்துக்காரர் நாச்சிமுத்துவிடம் கையுறை கேட்டாள்.

"இது வெசமில்ல புள்ள, மருந்து. இதுலிருந்து எடுக்கற மாத்திரையத்தான் மூட்டு வீக்கத்துக்கு நானே முழுங்கறேன். சோத்துக்கு முந்திக் கையக் கழுவுனாப் போதும்" என்றார் அவர்.

பாவாத்தாள் குவியலிலிருந்து ஒரு கை விதையை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப இன்னைக்கு மாத்திரைக்குப் பதிலா இதையே முழுங்குங்க பாக்கலாம்."

அவள் விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். மற்ற ஐந்து பெண்களும் மடியிலிருந்த காய்களை உதறிவிட்டு எழுந்தார்கள்.

"மழை இருட்டிக்கிட்டு வருது. காய் நனைஞ்சா அத்தனையும் பூசணம் புடிச்சுரும்!" என்று பதறினார் நாச்சிமுத்து.

யாரும் குனியவில்லை. பாவாத்தாள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

"ஏழு சோடிங்க!" பாவாத்தாள் பின்னாலிருந்து கத்தினாள். "சரசாளுக்கும் சேத்து வாங்குங்க. அவ வருவா."