படிக்கட்டில் குறையில்லை

ஆய்வு வண்டு மூன்றாம் முறையும் சிவப்பாக மினுங்கி, படிக்கட்டு தேறாது என்றது. உள்ளங்கையளவு இயந்திரம்தான், ஆனால் அது சம்மதிக்காமல் யாரும் புது வீட்டில் குடியேற முடியாது.

பவளக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் முறை கொத்தனார் சூசை, "படி இரட்டைப்படையில வந்துருச்சுக்கா, அதான்" என்று இடித்துக் கட்டிப் பதினாறைப் பதினேழாக்கினார். இரண்டாம் முறை ஒவ்வொரு படியிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திரும்பப் பூசினார்.

"இன்னும் என்னதான் கோளாறு கண்ட?" என்று வண்டிடம் கத்தினாள்.

"படியில ஒண்ணும் இல்லம்மா. ஏறுறவரப் பாருங்க."

அவள் கணவன் இருளப்பன் டைல்ஸ் பெட்டியோடு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தான். இடது கால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிந்தி, விளிம்பில் உரசியது. இருபது வருடம் கூடவே இருந்தவள் அன்றுதான் அதைக் கண்டாள்.

முதுகுத்தண்டில் கட்டி. "இன்னும் நாலு மாசம் விட்டிருந்தா நடையே போயிருக்கும்," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

நான்காம் ஆய்வில் இருளப்பன் பதினேழு படியும் ஏறி இறங்கினான். வண்டு பச்சையாக மினுங்கியது. பவளக்கொடி அவனை வாசலில் நிறுத்திச் சூடம் ஏற்றினாள். பிறகு, புறப்படப் பார்த்த வண்டைப் பிடித்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"நீயும் நில்லுய்யா. ஊர்க் கண்ணவிட என் கண்ணுதான் உன்மேல அதிகம் பட்டுருக்கு."