போனில் பேசியவர்

"இது போன்ல கேட்ட குரல் மாதிரி இல்லையே!"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜர் மகாதேவன் இப்படிச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெள்ளியங்கிரிக்குப் பகீரென்றது. ஏ.சி. குளிரிலும் இரவல் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

அமெரிக்காவில் இர்விங் என்ற ஊரில், எட்டாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அவன் இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஓ, தமிழா? அப்ப தமிழ்லயே பேசலாமே!" என்று மனிதர் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். அதற்குள் இப்படி ஒரு குண்டு.

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்க இன்னும் ஐந்து மாதம்தான். அன்று கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடுமே என்ற பயத்தில், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைக்காதா என்று அமெரிக்கா முழுக்க அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்திலும் வெள்ளியங்கிரி மூன்று மாதமாக வேலையில்லாமல் அப்பார்ட்மென்டில் துணி மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கம்பெனியில் போன் இன்டர்வியூவைத் தாண்டியும், நேரில் போனதும் வாயடைத்துத் திரும்பியவன் அவன்.

காலையில் அவனைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது அவனை ஊரிலிருந்து வரவழைத்திருந்த கன்சல்டன்ஸி முதலாளி ராமசுப்ரமணியன் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மேனேஜர் என்ன சொன்னாலும் மண்டையை ஆட்டு. மறுத்து மட்டும் பேசிடாதே. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, அடுத்த வாரம் நீ கோயமுத்தூர்ல இருப்பே!"

மகாதேவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை போன்ல உங்களை இன்டர்வியூ பண்ணேன். முக்கால் மணி நேரம். ஞாபகம் இருக்கா?"

வெள்ளியங்கிரி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"இன்டர்வியூ நடந்துச்சுங்க சார்."

"அன்னிக்கு டேட்டாபேஸ்ல எங்க கேட்டாலும் பதில் பட்டுப் பட்டுன்னு வந்துச்சு. இப்ப என்னடான்னா, பேரைக் கேட்டாலே யோசிக்கறீங்க!"

"நேர்ல பேசறதுன்னா எனக்குக் கொஞ்சம் உதறலுங்க சார்."

"போன்ல உதறாதாக்கும்?"

"உதறாதுங்க சார்."

மகாதேவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தம்பி, இங்க இப்ப இது ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. போன்ல ஒருத்தன் பேசறான், வேலைக்கு வேறொருத்தன் வந்து நிக்கறான். ரெஸ்யூமே கதை அதுக்கும் மேல. போன மாசம் ஒருத்தர், ஜாவால ஆறு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டிருந்தார். ஜாவா வெளிய வந்தே நாலு வருஷம்தான் ஆகுது!"

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமா இது என்று அடக்கிக்கொண்டான்.

"சரி, நீங்களே சொல்லிடுங்க. அன்னிக்கு உங்களுக்கு ஜலதோஷமா? லைன் சரியில்லையா? இல்ல... பேசினது வேற ஆளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜலதோஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதரே வழியும் காட்டுகிறார். உண்மையைச் சொன்னால் இவர் முகம் எப்படிப் போகும்? அப்புறம் வேலை எங்கே கிடைக்கும்? ஆனால், பொய் சொல்லி உட்கார்ந்துவிட்டால் தினம் தினம் இவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கோயமுத்தூர் ஒன்றும் மோசமான ஊர் இல்லை. அவன் நிமிர்ந்தான்.

"வேற ஆளுதானுங்க சார்."

மகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன?"

"போன்ல பேசினது வேற ஆளுங்க."

"அப்படிச் சொல்லுங்க. யாரது?"

"பேரு சரியாக் காதுல விழலீங்க சார்."

"நல்லாருக்கே! பேரு தெரியாத ஒருத்தர் வந்து உங்களுக்காகப் பேசினாரா?"

"எனக்காக இல்லீங்க சார். உங்களுக்காகங்க. இந்தப் பக்கம் பதில் சொன்னது சத்தியமா நான்தானுங்க. அந்தப் பக்கம் கேள்வி கேட்டதுதான் நீங்க இல்லீங்க. அது ஒரு லேடிங்க சார்."

மகாதேவன் கண் இமைக்காமல் அவனையே பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று வெள்ளியங்கிரி பைலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். மரியாதைக் குறைவா எதுவும் சொல்லலீங்க. நான் வரேனுங்க."

அவன் கதவை எட்டுவதற்குள், யாரோ அதை வெளியிலிருந்து திறந்தார்கள். நோட்டும் கையுமாக ஓர் இளம்பெண்.

"எங்க கிளம்பிட்டீங்க, வெள்ளியங்கிரி? செவ்வாய்க்கிழமை என்கிட்ட அவ்வளவு நல்லா பேசினீங்களே!"

அதே குரல்! அவன் திருதிருவென்று விழித்தான்.

மகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தார். "உக்காருங்க தம்பி! இவங்க வான்மதி. போன் இன்டர்வியூ எல்லாமே இவங்கதான் பண்றாங்க. நீங்க திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "இந்த வாரம் அதே நாற்காலியில நாலு பேரு வந்து உக்காந்தாங்க. 'போன்ல கேட்ட உங்க குரலை மறக்கவே முடியாது சார்'னு நாலு பேருமே என்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனாங்க!"