போகாத ரோஜா நிறம்

தெம்பனிஸ் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதையும் குடிக்கக் கூடாதென்று, தாரகாவின் மைலோ பானப் பாக்கெட்டை ஜெயரத்தினம் சார் பிடுங்கி இழுப்பறையில் போட்டார். அவள் வாதாடி முடிப்பதற்குள், சார் மேசையில் ஒரே ஒரு குடுவைதான் மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

அமிலம் சொட்டச் சொட்ட, குடுவையிலிருக்கும் காரத்தின் ரோஜா நிறம் மறைய வேண்டும். எல்லாருக்கும் மறைந்தது. தாரகா அமிலம் நிரப்பிய பியூரெட் குழாயையே காலி செய்தும் அவளுடையது அசைந்து கொடுக்கவில்லை.

“போகவே மாட்டேங்குது சார்!” குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

“கவனமே இல்ல. இந்தத் தடவையும் பெயில்தான். கொட்டு லா!”

கொட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் சார் மேசையைத் துழாவினார். “இங்க வச்ச குடுவை எங்க?”

“அதைத்தான் கொட்டச் சொன்னீங்க. உள்ள என்ன சார்?”

சார் இழுப்பறையைத் திறந்து மைலோவை எடுத்து நீட்டினார்.

“நான் குடிக்க வச்ச ரோஸ் சிரப் தண்ணி. நீ பாஸ். வெளியே சொல்லிடாதம்மா.”