பாலத்துக்கு முன்னால் பத்து நிமிஷம்

"பத்து நிமிஷம். எல்லாரும் இங்கேயே இருங்க. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். அடுத்தது பாலம். அதோட முடிஞ்சுது."

மணிக்கூண்டு நிழலில் இருபது பேரையும் நிறுத்திவிட்டு, பின்பக்கச் சந்துக்குள் போய் மறைந்தார் கைடு.

"பாத்தீங்களா? ஆள் எஸ்கேப்!" என்றார் தொப்பிக்காரர். "நேத்து இவர்கூடத்தான் துறைமுகப் பக்கம் சுத்தினேன். அங்கயும் இதே கூத்து. கடைசி இடத்துக்கு முன்னாடி கரெக்டா போன் வந்துடும் இவருக்கு. ஓசின்னா இந்த லட்சணம்தான்."

"ஓசின்னு யார் சொன்னா? முடியறப்ப கையில குடுக்கணும்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"குடுப்பேன், குடுப்பேன். இந்தப் பத்து நிமிஷத்தைக் கழிச்சுக்கிட்டுக் குடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த 'முடியறப்ப'வைத்தான் அவள் ஒரு மணி நேரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

'இலவச நடை' என்றுதான் விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தது. பிடித்திருந்தால் முடிவில் அவரவர் இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததாம். பாதித் தூரம் வந்த பிறகுதான், தொப்பிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்தது.

அவளும் கணவனும் பாப்பாவோடு மூன்று நாள் ஊர் சுற்ற வந்தவர்கள். டிக்கெட் எடுத்த மறுவாரமே கணவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். ரத்து செய்தால் சல்லிக்காசு திரும்பாத டிக்கெட். "வீட்ல உக்காந்து அழறதுக்கு, அங்க போய் நடந்துட்டாவது வருவோம்" என்றான் கணவன்.

நடந்தார்கள். முதல் நாள் அருங்காட்சியகம். மதியம் வரை அனுமதி இலவசம். நேற்று ஒரே பஸ் பாஸில் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஜன்னல் வழியாகவே எல்லாம். மூன்று வேளையும் ரொட்டி, வாழைப்பழம். கூட்டத்தில் பாப்பா கை நழுவிவிடுமோ என்று பயந்து பயந்து, குழந்தையின் மணிக்கட்டு சிவக்கும்படி அவள் பிடித்திருந்தாள். 'அடுத்த மாசம்' என்ற வார்த்தையை இருவருமே வாயில் எடுக்கவில்லை.

நாளைக் காலையில் ரயில்.

"கிளம்பு" என்றான் கணவன், அவள் காதோரம். "இதுதான் சமயம்."

"ஏங்க, ரெண்டு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசியிருக்காரு மனுஷன். படி வந்த இடத்துல எல்லாம் பாப்பாவை அவருதான் தூக்கினாரு."

"அதுக்கு? என்ன வச்சிருக்க நீ குடுக்கறதுக்கு? பாலத்துகிட்ட எல்லாரும் வரிசையா நின்னு குடுப்பாங்க. நம்ம முறை வர்றப்ப பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கவா?"

"நான் பாலம் பாக்கணும்" என்றாள் பாப்பா.

"பாலத்தைப் பூட்டிட்டாங்கடா கண்ணு."

"பாலத்தைப் பூட்டுவாங்களாப்பா?"

"பூட்டுவாங்க. வா."

சுவரோரமாகவே நழுவினார்கள். அவளுக்கு முதுகெல்லாம் கண்ணாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. தொப்பிக்காரர் அடுத்த ஜோக்கை ஆரம்பித்திருந்தார்.

தெருமுனை திரும்பியதும் கணவன் மூச்சு விட்டான். "அந்த ஆளு மட்டும் பெரிய யோக்கியமா? நடுவுல விட்டுட்டுப் போறவன்தானே. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

அப்படியே நினைத்துக்கொள்ளத்தான் அவளும் பார்த்தாள். முடியவில்லை.

"மாமாவுக்கு டாட்டா சொல்லவே இல்ல" என்று பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள்.

அவள் நின்றாள். குழந்தையைக் கணவன் கையில் திணித்தாள்.

"இருங்க. இதோ வந்துடறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"திருட்டுத்தனமா வேணாங்க. மூஞ்சிக்கு நேரா 'இல்லை'ன்னு சொல்லிட்டு வந்துடறேன். திட்டினா திட்டட்டும்."

சுற்றிக்கொண்டு சந்தின் மறுபக்கமாக நுழைந்தாள். கைடு அங்கேதான் இருந்தார். மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். காதில் போன் இல்லை. அது சட்டைப் பையில் கிடந்தது. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் தொப்பிக்காரர் சொன்னது நிஜம்தானா? இப்படிச் சும்மா நிற்பதற்கா இருபது பேரை வெயில் நேரத்தில் காக்க வைத்துவிட்டு வந்தார்? பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சார்... நாங்க கிளம்பறோம். எங்ககிட்ட குடுக்க எதுவும் இல்ல. சொல்லாம ஓடறதுக்கு மனசு வரல."

அவர் திரும்பவில்லை.

"ஆத்தோரமா நேராப் போங்கம்மா. அஞ்சு நிமிஷத்துல பாலம் வந்துடும். நாங்க சுத்து வழியில மெதுவாத்தான் வருவோம். அதுக்குள்ள பாப்பா பாத்துடலாம்."

அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. "போன் பேசணும்னு சொன்னீங்களே..."

"எனக்கு யாரும்மா போன் பண்ணப் போறாங்க?" அப்போதும் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கையில இல்லாதவங்க தினமும் நாலு பேராவது இருப்பாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னா, அவங்க எப்படிப் போவாங்க?"