வாசலில் மூன்று ஜோடி

நடைவழியில் செருப்பு வைக்கக் கூடாது என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. தனியாக வசிக்கும் ரெஜினாவின் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு எப்போதும் கிடந்தது. எதிர்வீட்டு மெய்யப்பன் புகார் கொடுத்தார். சமரசம் பேச வழக்கம்போல் என்னைத்தான் அனுப்பினார்கள். ரெஜினா வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்து பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"யாரோட செருப்பும்மா அது?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல சார். நான்தான் கடையில வாங்கினேன்."

"அப்ப உள்ளயே வச்சுக்கலாமே," என்றார் மெய்யப்பன்.

"உள்ள வச்சா, பெல் அடிக்கிறவன் கண்ணுல படாதே சார்."

எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா," என்றேன். ரெஜினா தலையாட்டினார்.

வெளியே வந்தால் வாசலில் மூன்று ஜோடி. நானும் மெய்யப்பனும் அங்கேதான் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தோம். ரெஜினா குனிந்து, தேயாத அந்தப் பெரிய ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கனமான எதையோ கதவுவரை இழுத்துவரும் சத்தம் கேட்டது. மெய்யப்பன் ஒற்றைக் காலில் செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றார்.