ஒரு நாற்காலி குறையுது

"பன்னெண்டு நாக்காலிதான் கெடக்கு. பதிமூணு பேருல்ல வர்றாங்க? ஒண்ணு கொறையுதேக்கா!"

கேட்ட காத்தமுத்துவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. கீர்த்திகா திரும்பிப் பார்த்ததும் சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பையின் அடியிலிருந்து நீர் சொட்டியது.

அலசிப் பிழிந்த வேலைத் துணியாக இருக்கும். ஆட்டம் முடிந்த கையோடு கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி அள்ளக் கிளம்பிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"பந்தல் கடையில அவ்வளவுதான் இருந்துச்சு" என்று புளுகினாள். பதிமூன்றாவது ஆள் வரப்போவதில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏனென்றால், இன்ஸ்டாவில் தேவிகா என்ற பெயரில் எழுதும் அந்த ரசிகையே அவள்தான்.

கீர்த்திகாவுக்குக் காரைக்காலில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலை. ஒரு கல்யாணத்துக்காகக் கேமராவும் கையுமாகக் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்தவள், கடற்கரையில் இந்தப் பையன்கள் ரக்பி லீக் ஆடுவதைப் பார்த்துச் சொக்கிப்போனாள். அணிக்குப் பதிமூன்று பேர், முட்டை வடிவப் பந்து. அதை வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பின்பக்கம்தான் வீசவேண்டும்.

பதிமூன்று பேரும் விசைப்படகில் போகிறவர்கள். கரையேறிய நாளில்தான் ஆட்டம். இந்த ஆட்டத்துக்கு நாலு ரசிகர்களைச் சேர்த்தே தீருவேன் என்று அன்றைக்கே அவர்களுக்காக இன்ஸ்டாவில் ஒரு பக்கம் தொடங்கினாள்.

ரீல் ரீலாகப் போட்டும் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் காத்தமுத்து பந்தை அவள் காலடியில் வைத்துவிட்டான்.

"பாக்க ஒரு நாதி இல்ல. அப்பறம் எதுக்குக்கா மண்ணுல பொரளணும்? நான் தொறமுகத்து வேலைக்கே போறேன்."

அவன் போனால் மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள். கீர்த்திகா வேறு வழி தெரியாமல் திருநள்ளாற்றுத் தேவிகாவைப் பிறக்கவைத்தாள். 'எட்டாம் நம்பர் அண்ணன் மேல மூணு பேரு தொங்குனாலும் நிக்காம ஓடுறாரே!' என்று தேவிகா எழுதினாள்.

எட்டாம் நம்பர் காத்தமுத்து. அவனிடம் இருப்பது பட்டன் போன். கேப்டன் சசிதரன்தான் தன் போனிலிருந்து அதை வாசித்துக் காட்டினான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலு தடவை கேட்டவன், அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றான்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தேவிகாவின் கமென்ட்டுக்குக் கீழே இன்னொருவர் வந்தார். பிறகு இளவேனில், மர்யம், அறிவுச்செல்வன் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். நாலைந்து நாள் ஒருவர் மூச்சும் இருக்காது, பிறகு எல்லாரும் ஒரே நாளில் வந்து கொட்டுவார்கள். டேட்டா தீர்ந்திருக்கும் போலிருக்கிறது என்று கீர்த்திகா நினைத்துக்கொள்வாள்.

பொய்யைக் காட்டி மெய்யான மனிதர்களை இழுத்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தலோடு இன்னொரு பொய்யும் சொன்னாள். 'ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தோட ஆட்டம். நீங்கள்லாம் நேர்ல வந்தா நானும் வர்றேன்' என்று போன வாரம் தேவிகா எழுத, பன்னிரண்டு பேரும் 'வர்றோம்' என்று பதில் போட்டார்கள்.

வருகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று இன்றைக்கு முடிவோடுதான் வந்திருந்தாள். அவர்கள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காத்தமுத்துவின் காதுக்கு அது போனால் இந்த அணி இன்றோடு சரி.

நாகப்பட்டினத்துப் பையன்கள் வேனிலிருந்து இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டு நாற்காலியிலும் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. இனித் தாங்காது என்று சசிதரனைத் தனியாக அழைத்தாள்.

"சசி, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. அந்தப் பன்னெண்டு பேரு..."

சசிதரனின் முகம் வெளிறிவிட்டது. "கண்டுபுடிச்சிட்டீங்களாக்கா?"

"என்னத்த?"

"அந்தப் பன்னெண்டு பேரும் நாங்கதான்."

கீர்த்திகா காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தத் தேவிகா ஒத்தப் பொண்ணுக்கா. ஆம்பளைங்க ஆட்டத்தத் தனியாப் பாக்கக் கூச்சப்பட்டுப் போயிருச்சுன்னா? அதான் கரைக்கு வர்றப்பல்லாம் ஆளுக்கொரு பேருல எழுதுனோம். தொணைக்குன்னு மூணு பொம்பள பேரும் வச்சோம்." அவன் குரல் தாழ்ந்தது. "காத்தமுத்துக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் வாசிச்சுக் காட்டுனதுதான். மனசு கெடந்து அடிச்சுக்குது. இன்னிக்கு தேவிகா வந்ததும் அவங்க கால்ல விழுந்தாச்சும் உண்மையச் சொல்லிர்றோம்க்கா."

'தேவிகாவும் இல்லடா' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் காத்தமுத்து எந்த வீட்டிலிருந்தோ ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். முதல் வரிசையின் நடுவில் போட்டு, தோள் துண்டால் இரண்டு தடவை துடைத்தான். பிறகு பையை அவளிடம் நீட்டிப் பிரித்துக் காட்டினான். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் முழு வஞ்சிரம் ஒன்று பளபளத்தது.

"தேவிகா எப்பக்கா வருவாங்க? ஐஸ் கரையுது."