கரையில் ஒரு லைஃப் ஜாக்கெட்

"அப்பா, அதைக் கழட்டுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

ஜெயகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஏற்காடு ஏரிப் படியில் அவளுடைய அப்பா பொன்னுவேல் குந்தியிருந்தார். வேட்டி சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். வார்களையெல்லாம் வேறு இறுக்கி மாட்டியிருந்தார். படகில் ஏறப்போகிறவரா என்றால் அதுவும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் அவர் ஏரியில் கால்கூட நனைத்ததில்லை.

"குளிருக்கு நொம்ப எதமா இருக்குது கண்ணு. நீ போய் ஓட்டு" என்றார்.

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டும் மாவட்டப் போட்டிக்காக விடிந்ததும் விடியாததுமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார் வேலுசாமி மாஸ்டர். மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் பொன்னுவேல். வந்ததும், ஜாக்கெட் கொடுக்கிற மரியஜோசப்பிடம் போய் நிற்பார்.

"ஏனுங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க."

"படகுலயா போறீங்க?"

"இல்லீங்க. சும்மா உக்காரத்தான்."

மரியஜோசப்புக்குத் தினமும் இதைக் கேட்டுச் சிரிப்பு வரும். பொன்னுவேல் சாமையும் மிளகும் பயிரிடுகிற மனிதர். அவர் காட்டுப் பக்கம் ஓடைத் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே அதிசயம். நீச்சலை அவர் எங்கே கண்டார்?

கூட ஓட்டுகிற பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏய் ஜெயா, படியில உக்காந்தாலே உங்கப்பாவுக்குத் தண்ணி பயமா?"

"அவங்க ஊட்டுல தூங்கறப்பகூட ஜாக்கெட்டுதான் போலிருக்குது!"

ஜெயகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோதே நன்றாக நீச்சல் பழகியவள் அவள். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்துப் பார்த்து, ஜாக்கெட் என்றாலே அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

"மாஸ்டர், நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க இது? கையை வீசவே முடியலீங்க" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"தெரிஞ்சாலும் போடோணும். இது இல்லாம ஒருநாள் பாத்தேன்னா, போட்டிப் பட்டியல்ல உம் பேரு இருக்காது."

அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஜாக்கெட்டின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு மூடுபனி ஏரி முழுக்க இறங்கியிருந்தது. பத்து வீச்சு துடுப்புப் போட்டதும் கரை காணாமல் போயிற்று. மரங்கள் போயின. கேலிப் பேச்சும் போயிற்று. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம். எது தண்ணீர், எது வானம் என்று தெரியாத அந்த வெள்ளைக்குள் படகைத் தான் ஓட்டுகிறோமா, படகு தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பனியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் போட்டாள். பனி தோளைத் தொட்டது. என்ன சுகம்! போட்டியில் முதலாவதாக வருவதுபோலவும், ஊரே கரையில் நின்று கை தட்டுவதுபோலவும் கண் திறந்தபடியே கனவு கண்டாள். அந்தக் கூட்டத்தில் அப்பா மட்டும் ஜாக்கெட் இல்லாமல் நின்றிருந்தார்.

மாஸ்டரின் விசில் கேட்டது. கனவு கலைந்தது.

திரும்பி வந்தாள். முப்பது அடி தூரத்தில் படி நிழலாகத் தெரிந்ததும் பதறிப்போய் ஜாக்கெட்டை எடுத்தாள். இரண்டு கையையும் அதற்குள் நுழைத்த நேரம் பார்த்துத் துடுப்பு நழுவியது. எட்டிப் பிடிக்கச் சாய்ந்தாள். அவ்வளவுதான், கயாக் கவிழ்ந்தது.

வார் மாட்டாத ஜாக்கெட் கையைவிட்டுக் கழன்று எங்கோ மிதந்து போயிற்று. இந்த முப்பது அடி ஒரு தூரமா என்று நினைத்து நீந்தத் தொடங்கினாள். ஐஸாகக் குளிர்ந்த தண்ணீர். மூன்றாவது வீச்சில் கெண்டைக்கால் சுருண்டு இழுத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீரைக் குடித்தாள். முங்கி எழுந்து ஒரே ஒரு தடவை கத்தினாள்.

"அப்பா!"

கரையில் தொம்மென்று ஒரு சத்தம்.

"எங்கிருக்கறே சாமி? சத்தங் குடு! சத்தங் குடு சாமி!"

பனிக்குள்ளிருந்து அப்பா வந்தார். நீந்தி அல்ல. கையையும் காலையும் கண்டபடி அடித்துக்கொண்டு, இரண்டு தடவை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, எப்படியோ வந்து சேர்ந்தார். வந்ததும் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு. உட்றாதே."

இருவருக்கும் கழுத்துவரை தண்ணீர். ஆனால் அந்த ஒரு ஜாக்கெட் இரண்டு பேரையும் முங்கவிடாமல் தாங்கியது. மாஸ்டர் படகோடு வந்து தூக்கும்வரை அப்பா தன் பிடியைத் தளர்த்தவே இல்லை.

கரைக்கு வந்ததும் வேலுசாமிக்குப் பயமெல்லாம் கோபமாக மாறியது.

"உம் பேரை அடிச்சாச்சு. ஊட்டுக்குப் போ" என்றார் ஜெயகுமாரியிடம். அவள் நிமிரவே இல்லை. பேரை அடித்தது இப்போது அவளுக்குப் பெரிதாகவும் தெரியவில்லை.

மாஸ்டர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அவதான் சின்னப் புள்ள. உங்களுக்குமா புத்தியில்ல? நீச்சல் தெரியாதவன் எவனாச்சும் ஏரியில குதிப்பானுங்களா?"

பொன்னுவேல் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, குளிரில் பல் கிட்ட, பணிவாகச் சொன்னார்:

"புள்ள உளுந்தா நான் குதிச்சுத்தானுங்களே ஆகோணும்? நீச்சல் தெரியாதுன்னுதானுங்க, ரெண்டு மாசமா இதைப் போட்டுக்கிட்டே குந்தியிருந்தேன்."